கதவு வைத்த இருக்கை

சென்ற வாரம் சிவகாமியம்மாளை எங்கே விட்டோமோ அங்கேயேதான் இருக்கிறாள். ஸ்ரீவராகத்து வீட்டின் சாப்பாட்டு மேஜைக்கு முன்னால், மூக்குக் கண்ணாடியைத் தேடிக்கொண்டு. கண்ணாடி அவள் நெற்றிக்கு மேலேயே இருக்கிறது. சொல்வதற்குத்தான் வீட்டில் ஆள் இல்லை.

புதிதாக வந்து சேர்ந்தவர்களுக்கு இரண்டு வார்த்தை. பூதப்பாண்டி கோயில் சாமியின் பெயர் கொண்ட பூதலிங்கத்துக்கு, அதே கோயில் அம்பாளின் பெயர் கொண்ட சிவகாமியைப் பொருத்தம் பார்த்துக் கட்டி வைத்தார்கள். ஆரியசாலைக் கடைத்தெருவில் மிளகாய் வற்றல் மண்டி வைத்திருந்த அந்த மனிதர் போன மார்கழியில் காலமானார். மூத்தவள் ஸ்ரீப்ரியா கழக்கூட்டத்தில் கணவன், மாமனார், மாமியார், கொழுந்தன் என்று ஒரு பெரும் கூட்டத்துக்கு நடுவில் குடித்தனம் நடத்துகிறாள். இளையவன் ஹரிகுமார் சிகாகோவில். அம்மா ஆறு மாதம் வந்து தன்னோடு இருக்க வேண்டும் என்று அவன் கேட்டான். முழங்காலில் அறுவை செய்த டாக்டரும் போன வாரம் சம்மதித்துவிட்டார், "காலை நீட்டிப் படுத்துக்கிட்டே போகணும்" என்ற ஒரே நிபந்தனையோடு. அதனால்தான் பிசினஸ் கிளாஸ். அதனால்தான் இன்று காலை ஏழு மணிக்கு இந்தப் போன்.

திரையில் மேலே மகள், கீழே மகன்.

"அம்மா, கண்ணாடி நெத்தியில," என்றாள் ஸ்ரீப்ரியா.

சிவகாமியம்மாள் கண்ணாடியை இறக்கிப் போட்டுக்கொண்டாள். மகள் காருக்குள் உட்கார்ந்திருப்பது தெரிந்தது. கார் நின்றுகொண்டிருந்தது. தனியாக உட்கார்ந்து பேச அவள் வீட்டில் அந்த ஒரு இடம்தான் உண்டு. மகனுக்குப் பின்னால் வெள்ளைச் சுவர். முன்பெல்லாம் அங்கே அவன் மனைவி ஆர்யா வளர்க்கும் பூந்தொட்டிகள் தெரியும்.

"ஆர்யா எங்க மக்கா?"

"வெளிய போயிருக்காம்மா."

அங்கே ராத்திரி எட்டரை ஆயிருக்குமே என்று கேட்க வாயெடுத்தவள் விட்டுவிட்டாள். மருமகள் எந்த நேரத்துக்கு எங்கே போகிறாள் என்று கேட்கும் மாமியார்களை அவளுக்கே பிடிக்காது.

"மூணு வழி பாத்து வச்சிருக்கேன்," என்று ஸ்ரீப்ரியா ஆரம்பித்தாள். போன வாரம் முழுக்க மதியச் சாப்பாட்டு நேரத்தை இதற்கே கொடுத்திருந்தாள். குரலில் ஒரு சந்தோஷம் இருந்தது. "மூணுலயும் சீட்டு அப்படியே கட்டிலாயிரும். காலு நீட்டிப் படுக்கலாம். பின்னே வித்தியாசம் எங்கன்னா, ஒண்ணு பம்பாய் போயி, அங்கேருந்து பிராங்க்பர்ட், அப்புறம் சிகாகோ. ரெண்டு எடத்துல மாறணும். பழைய பிளேன். சீட்டெல்லாம் ரெண்டு ரெண்டாத்தான் இருக்கும். பக்கத்துல யாராவது வந்து இருப்பாங்க. அது வேண்டாம்."

"யாரு இருப்பா?"

"அது எப்படிம்மா தெரியும்? யாராவது."

சிவகாமியம்மாளுக்கு அந்த யாராவது மிகவும் பிடித்துப்போனது. மகன் வீட்டுக்குப் போகும் ஒரு கோட்டயத்துக்காரியாக இருக்கலாம். எத்தனை பிள்ளைகள் என்று கேட்பாள். சாப்பாடு வந்தால் தட்டி எழுப்புவாள். இறங்கும்போது நம்பர் வாங்கிக்கொண்டு பிறகு ஒருநாளும் கூப்பிட மாட்டாள். அது பரவாயில்லை.

"அது என்ன, நல்ல வழியாத்தான இருக்கு," என்றாள்.

"ரெண்டு எடத்துல எறங்கி ஏறினா உங்க முட்டு என்னத்துக்காகும்? நல்லதக் கேளுங்க. தோஹா வழின்னா சீட்டு ஒத்தை ஒத்தையா. ஒவ்வொண்ணுக்கும் தனியா கதவு உண்டு. அடச்சாச்சுன்னா ஒரு ரூம் மாதிரி. ஒருத்தரும் எட்டிக்கூடப் பாக்க மாட்டாங்க."

"கதவ அடச்சுக்கிட்டு உள்ள கெடக்கறவளுக்கு ஒண்ணுன்னா யாருக்குத் தெரியும்?"

"பொத்தான் இருக்கும்மா. அமுக்கினா வருவாங்க."

பொத்தான் இந்த வீட்டிலும் உண்டு. காரியமெல்லாம் முடிந்து சிகாகோவுக்குத் திரும்புவதற்கு முன்னால் ஹரிகுமார் கட்டிலோரம் அதைப் பொருத்திவிட்டுப் போனான். அமுக்கினால் ஸ்ரீப்ரியாவின் போன் அலறும். ஒருநாள் தூசி துடைக்கும்போது கை பட்டுவிட்டது. அடுத்த நிமிடமே மகள் கூப்பிட்டு, மூச்சு வாங்க, அம்மா என்ன, அம்மா என்ன என்று கேட்டாள். ஒன்றுமில்லை என்று சொல்லி வைத்த பிறகு, இன்னொரு தடவை அமுக்கினால் என்ன என்று சிவகாமியம்மாளுக்குத் தோன்றியது உண்மை. அமுக்கவில்லை.

"தோஹா வேண்டாம்," என்றாள்.

காரணம் இரண்டு பிள்ளைகளுக்கும் தெரியும். மார்கழியில் சிகாகோவில் கொட்டிய பனியில் ஹரிகுமாரின் விமானம் தாமதமாகி, அடுத்த விமானம் தப்பி, அவன் தோஹாவில் மாட்டிக்கொண்டான். அப்பா இங்கே ஐஸ் பெட்டியில் கிடந்தார். மகன் வரட்டும் என்று சிவகாமியம்மாள் சொல்ல, என் தம்பியை இன்னும் எத்தனை நேரம் குளிரில் போட்டு வைப்பாய் என்று பூதலிங்கத்தின் அக்காள் பகவதி கேட்க, அன்று அறுந்த பேச்சு இன்றுவரை ஒட்டவில்லை.

"சரி, அது வேண்டாம்," என்றான் ஹரிகுமார் மெதுவாக. "அபுதாபி வழி பாப்போம். அமெரிக்காக்காரன் செக்கிங் எல்லாம் அங்கயே முடிஞ்சிரும். சிகாகோல எறங்கி நேரா வெளிய வரலாம். நான் வந்து நிப்பேன்."

"அதுலயும் கதவு உண்டா?"

"உண்டும்மா," என்றாள் ஸ்ரீப்ரியா, பரிசு கொடுப்பவளைப் போல.

"ம்."

"அடுத்த வெள்ளிக்கிழம ஜன்னல் பக்கம் ஒண்ணு இருக்கு. அத விட்டா பின்னே ஓணம் கழிஞ்சுதான் இந்த ரேட்டுக்குக் கிட்டும்."

"என்ன ரேட்டு?"

"அது உங்களுக்கெதுக்கு?" என்றான் மகன்.

"வெள்ளிக்கிழம மேக்க சூலமாக்கும்," என்றாள் சிவகாமியம்மாள்.

"அம்மா, பூமி உருண்டை. கிழக்க போனாலும் சிகாகோ வரும்."

"அப்போ பிளேன கிழக்க விடச் சொல்லு."

ஹரிகுமார் சிரித்துவிட்டான். அவன் சிரித்துப் பல வாரம் ஆகிவிட்டது என்பது அந்தச் சிரிப்பைக் கேட்டபோதுதான் அவளுக்கு உறைத்தது. அதற்காகவே ஒப்புக்கொண்டாள்.

"ஹோல்டு பண்ணி வைக்கறேம்மா. காசு நாளைக்கு அடச்சிரலாம்," என்றான்.

மண்டிக்காரர் வீட்டில் வாழ்ந்தவள் அவள். ஆரியசாலையில் வாய்ச்சொல் கொடுத்துவிட்டால் மூட்டை ஒதுங்கிவிடும், பணம் சாவகாசமாக வரும். சொன்ன பிறகு மாறினவனுக்கு அந்தத் தெருவில் ஒருவரும் சரக்குத் தர மாட்டார்கள். ஆகவே டிக்கெட் எடுத்தாயிற்று என்றே அவள் மனதில் பதிந்தது.

போன் அணைந்ததும் பஞ்சாங்கத்தை எடுத்தாள். சூலத்துக்குப் பரிகாரம் இந்தக் குடும்பத்தில் ஒன்றுதான், பரஸ்தானம். பயணநாள் சரியில்லை என்றால், அதற்கு முன்பே ஒரு நல்ல நேரத்தில் பயணப் பையை வெளியே எடுத்து, அடுப்பு எரிகிற இன்னொரு வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட வேண்டும். அந்த நிமிடமே பயணம் தொடங்கிவிட்டதாகக் கணக்கு. அப்புறம் ஆள் எந்த நாளில் கிளம்பினாலும் தோஷமில்லை. ஆனால் வெளியே போன பை பயணம் முடியாமல் வீட்டுப்படி ஏறக்கூடாது.

இன்று காலையில் நல்ல நேரம் இருந்தது. இதை விட்டால் அஷ்டமி, நவமி, கரிநாள் என்று வெள்ளி வரைக்கும் பஞ்சாங்கம் முழுக்க முள்வேலி.

பூதலிங்கத்தின் பழைய ரெக்ஸின் பையை இறக்கினாள். வெறும் பை ஆகாது, உடன் வரவேண்டியது உள்ளே இருக்க வேண்டும். இரண்டு சேலை, ஒரு துண்டு, ஹரிகுமார் வாங்கி அனுப்பிய ஸ்வெட்டர், மாத்திரை டப்பா. வலது காலை முன்னே வைத்து வெளியே வந்தாள். கதவைப் பூட்டினாள். திரும்பிப் பார்க்கவில்லை.

வலப்பக்கத்து வீட்டில் பூட்டுத் தொங்கியது.

நேற்றுவரை இருந்தார்கள். கொச்சியில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போயிருப்பார்கள். போகும்போது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். முன்பானால் பால்காரனை நிறுத்தச் சொல், செடிக்குத் தண்ணீர் ஊற்று என்று நூறு தடவை சொல்லிவிட்டுப் போவார்கள். பையைப் பிடித்துக்கொண்டு அவள் அந்தப் பூட்டையே பார்த்து நின்றாள்.

எதிர்வீடு போய் அங்கே கான்கிரீட் தூண்கள் நிற்கின்றன. இடப்பக்கத்து வீடு இப்போது ஹோம் ஸ்டே. கோயிலுக்கு வருகிறவர்கள் ஒரு ராத்திரி தங்கிவிட்டுப் போவார்கள். முன்மேஜையில் மார்த்தாண்டத்துக்காரர் சத்தியநேசன் இருந்தார். விஷயத்தைக் கேட்டுவிட்டு உடனே கை நீட்டினார்.

"தாங்கம்மா, வச்சிருக்கேன். டோக்கன் எழுதித் தாரேன்."

"டோக்கனா?"

"பை மாறிப்போவாம இருக்கணும்லா."

"அதுக்கில்ல தம்பி. வீடா இருக்கணும்."

"இது வீடுதானம்மா. போர்டுல போட்டிருக்கு பாருங்க."

"அடுப்பு எரியற எடமா வேணும்."

சத்தியநேசன் யோசித்தார். "அடுப்பு இல்ல. ரூமுக்கு ரூம் கெட்டில் உண்டு."

நல்ல மனிதர். அவரைக் குறை சொல்வதற்கில்லை. சிவகாமியம்மாள் நன்றி சொல்லிவிட்டுத் தெருவுக்கு வந்தாள். பையை வீட்டுக்குள் திரும்பக் கொண்டுபோக முடியாது. நல்ல நேரம் போய்க்கொண்டிருந்தது. நாற்பது வருஷம் வாழ்ந்த தெருவில் ஒரு பையை வைத்துவிட்டு வர ஒரு வீடு இல்லை என்பது அவளுக்கு அந்த வெயிலில்தான் தெரிந்தது.

பூதலிங்கம் சரக்கு வாங்க விருதுநகர் போனாலும் பம்பாய் போனாலும் பரஸ்தானப் பை ஒரே வீட்டுக்குத்தான் போகும். அக்காள் வீட்டுக்கு.

ஆட்டோ வந்தது. "எங்கோட்டா அம்மே?" என்றான் ஓட்டுகிறவன்.

"ஆரியசாலை," என்றாள்.

அதே நேரம் கழக்கூட்டத்து ஆபீசில் ஸ்ரீப்ரியா அந்தக் கதவு வைத்த இருக்கையின் படத்தை மறுபடியும் பார்த்துக்கொண்டிருந்தாள். மெத்தை, போர்வை, ஒரு சின்ன விளக்கு. இழுத்துச் சாத்தும் கதவு. பதினைந்து மணி நேரம் ஒருவரும் ஸ்ரீப்ரியா என்று கூப்பிட மாட்டார்கள். அம்மாவுக்கு என்று தேடித் தேடி அவள் எடுத்தது தனக்கு வேண்டியதை என்று யாராவது சொன்னால் கோபித்துக்கொள்வாள். ஆனால் விஷயம் அதுதான்.

போன் மினுங்கியது. ஹரிகுமாரின் செய்தி.

'அக்கா, ஹோல்டை விட்டுட்டேன். அம்மா இப்போ வர வேண்டாம். நானே அம்மாகிட்ட சொல்லுகேன்.'

உடனே கூப்பிட்டாள். அவன் எடுக்கவில்லை. இன்னொரு தடவை கூப்பிட்டாள். அங்கே நடுராத்திரி. தம்பி சின்ன வயசிலிருந்தே இப்படித்தான், ஒன்றென்றால் வாயைத் திறக்க மாட்டான். அம்மாவைக் கூப்பிட்டாள். அம்மாவும் எடுக்கவில்லை. மீட்டிங்குக்குக் கூப்பிட்டார்கள். அவனே சொல்லிக்கொள்ளட்டும் என்று ஸ்ரீப்ரியா எழுந்து போனாள். அந்தப் படம் கணினியில் திறந்தபடியே கிடந்தது.

பரஸ்தானத்துக்குப் போகும்போது போன் எடுக்கக்கூடாது என்று ஒரு விதியும் இல்லை. இருந்தாலும் சிவகாமியம்மாள் எடுக்கவில்லை.

ஆரியசாலையில் லாரியிலிருந்து மூட்டை இறங்கிக்கொண்டிருந்தது. மண்டியை இப்போது நடத்துவது பகவதியின் மகன் ஜெயகுமார். பில் போட்டுக்கொண்டிருந்தவன் அவளைக் கண்டதும் எழுந்துவிட்டான்.

"அத்தை," என்றான். அடுத்து என்ன சொல்வது என்று அவனுக்குத் தெரியவில்லை. "அம்மா மேலதான் இருக்கா."

வற்றல் காரம் மூக்கில் ஏறி ஒரு தும்மல் வந்தது. ஒற்றைத் தும்மல் பயணத்துக்கு ஆகாது. இரண்டாவதை வரவழைக்க அவள் படிக்குக் கீழேயே நின்று காரத்தை நன்றாக இழுத்தாள். வந்தது. பிறகு கைப்பிடியைப் பற்றிக்கொண்டு ஒவ்வொரு படியாக ஏறினாள்.

பகவதி தரையில் காலை நீட்டி உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்தாள். முகத்தைப் பார்க்கவில்லை, பையைப் பார்த்தாள்.

"எங்க?"

"ஹரிட்ட, மைனி. சிகாகோவுக்கு."

"என்னிக்கு?"

"அடுத்த வெள்ளி."

"மேக்க சூலம்லா."

"அதான் வந்தேன்."

பகவதி கீரையை ஒதுக்கிவிட்டு எழுந்தாள். எழுபத்தைந்து வயசுக்கு அது லேசான காரியமில்லை. பையை அவள் கையிலிருந்து வாங்கிக் கொண்டுபோய், அரிசி டிரம்முக்கும் தேங்காய்க் குவியலுக்கும் நடுவில் வைத்தாள். பூதலிங்கத்தின் பை எப்போதும் இருக்கிற இடம். அங்கே வேறு எதையும் அவள் போட்டு வைக்கவில்லை.

"பை வந்தாச்சு. ஆளு போவாம இத வீட்டுக்குக் கொண்டுபோவப்பிடாது. தெரியும்லா?"

"தெரியும் மைனி."

"எந்த வழி?"

"அபுதாபி. தோஹா வேண்டாம்னுட்டேன்."

கீழே யாரோ மூட்டையை எண்ணிச் சொல்வது கேட்டது. வந்த காரியம் முடிந்தது, கிளம்பலாம். ஆனால் ஏழெட்டு மாதமாகச் சேர்ந்துபோன பேச்சு சிவகாமியம்மாளை விடவில்லை.

"சீட்டுக்குத் தனியா கதவு உண்டாம் மைனி. அடச்சுக்கிட்டா ஒருத்தரும் வரமாட்டாங்களாம். அதுக்குத்தான் அம்புட்டு காசாம்."

"ஒனக்கு அது புதுசா?"

"என்ன மைனி?"

"அன்னைக்கும் அடச்சுக்கிட்டுத்தான இருந்தே." பகவதி சுவரைப் பார்த்துப் பேசினாள். "என் தம்பி ஐஸ் பெட்டியில கெடந்தப்ப. நீ ரூமுக்குள்ள. பிரியா பேப்பர், சர்ட்டிபிக்கேட்டுன்னு ஓட்டத்துல. ஹால்ல நானும் அவனுமாக்கும். அந்தப் பெட்டி கொஞ்ச நேரம் இரையும், பொறவு நிக்கும். நிக்கயில எனக்குப் பயமா இருக்கும். ஒன் கதவ வந்து தட்டினேன். நீ தொறக்கல."

சிவகாமியம்மாளுக்கு அந்தத் தட்டல் நினைவிருந்தது. கட்டிலில் கிடந்து கேட்டிருக்கிறாள்.

"சீக்கிரம் எடுக்கணும்னு சண்டை போட வாறீங்கன்னு நெனச்சேன் மைனி."

"சண்டை போடத்தான் வந்தேன். வேற யார்ட்ட போய்ப் போடுவேன்?"

சிவகாமியம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். இத்தனை நாளும் மைனிக்குத் தன்மேல் வெறுப்பு என்று நினைத்திருந்தாள். வெறுப்பு என்றால் தாங்கிக்கொள்ளலாம். கதவுக்கு அந்தப் பக்கம் ஒரு கிழவி தனியாகப் பயந்து நின்றிருக்கிறாள் என்பதைத் தாங்க முடியவில்லை. மன்னித்துவிடுங்கள் என்று சொல்ல வேண்டும்போல இருந்தது. அந்த வார்த்தை அவர்கள் பேச்சில் கிடையாது.

பகவதி டப்பாவைத் திறந்து ஒரு வெல்லக் கட்டியை உடைத்து அவள் கையில் வைத்தாள்.

"மேக்க போறதுக்கு வெல்லம். வாயில போட்டுக்கிட்டுப் போ. முட்டு பத்திரம், பையப் பைய எறங்கு."

திரும்பிப் போகும் ஆட்டோவில் வெல்லம் கரையும்வரை சிவகாமியம்மாள் வாயைத் திறக்கவில்லை. நெடுநாளைக்குப் பிறகு அன்று மதியம் நன்றாகச் சாப்பிட்டாள்.

விளக்கேற்றும் நேரத்துக்கு ஹரிகுமார் கூப்பிட்டான். அவன் மட்டும். சவரம் செய்யாத முகம்.

"அம்மா, ஒரு காரியம். டிக்கெட் இப்போ எடுக்கல. ஆபீஸ்ல கொஞ்சம் சோலி ஜாஸ்தி. ஓணம் கழிஞ்சு பாக்கலாம்."

"எடுத்தாச்சுன்னுல்லா சொன்னே?"

"ஹோல்டுலதாம்மா போட்டேன். அது விட்டுப் போச்சு. வருத்தமா?"

"சாரமில்ல மக்கா, போட்டும். சவத்த விடு. சோலி முக்கியம்லா."

அவன் போனைக் கையில் பிடித்தபடி எழுந்து நடந்தான். ஒரு கணம் சமையலறை தெரிந்தது. சாப்பாட்டு மேஜைக்கு ஒரே ஒரு நாற்காலி. சுவரோரம் டேப் ஒட்டிய அட்டைப் பெட்டிகள்.

"ஆர்யா எங்க?"

"உறங்குறாம்மா."

"சரி."

பிறகு அவன், "ஆபீஸ் போணும்மா," என்றான். திரை இருண்டது.

விளக்குக்கு முன்னால் சிவகாமியம்மாள் உட்கார்ந்திருந்தாள். அபுதாபி இல்லை, ஜன்னல் பக்கம் இல்லை, சிகாகோவில் இறங்கி வெளியே வந்தால் நிற்கும் முகம் இல்லை. காலையில் இதெல்லாம் தனக்கு இவ்வளவு வேண்டியிருந்தது என்று அவளுக்கே தெரியாது. வீடு முழுக்க அறைகள். எல்லா அறைக்கும் கதவு. மகன் பொய் சொல்கிறான் என்பதும், ஆர்யா அந்த வீட்டில் இல்லை என்பதும் தெரிந்தது. அவனும் அங்கே எதையோ அடைத்துக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருக்கிறான். தட்டினால் திறக்க மாட்டான். யாரிடமிருந்து படித்தான் என்று கேட்க வேண்டியதில்லை.

ரத்த அழுத்த மாத்திரை போட எழுந்தாள். அலமாரியில் டப்பா இல்லை. ஒரு நிமிடம் நின்று யோசித்த பிறகுதான் அது ஆரியசாலையில், ரெக்ஸின் பைக்குள் இருப்பது நினைவுக்கு வந்தது.

மூலைக்கடையிலேயே மருந்து கிடைக்கும். கட்டிலோரத்துப் பொத்தானை அமுக்கினால் ஸ்ரீப்ரியா காரை எடுத்துக்கொண்டு ஓடி வருவாள். சிவகாமியம்மாள் இரண்டையும் செய்யவில்லை. ஹாலில் ஒரு விளக்கைப் போட்டுவிட்டு வீட்டைப் பூட்டினாள். ஆரியசாலை கிழக்கே, புதன்கிழமைக்குக் கிழக்கே சூலமில்லை.

ஆரியசாலை அடங்கிவிட்டிருந்தது. கடைகளின் ஷட்டர்கள் இறங்கியிருந்தன. ஜெயகுமார் கடையைப் பூட்டிவிட்டுப் பூஜப்புரையில் இருக்கும் தன் வீட்டுக்குப் போயிருப்பான். மாடிப்படிக்குக் கீழே இருக்கும் மரக்கதவைப் பகவதி இருட்டுவதற்கு முன்பே தாழ் போட்டுவிடுவாள், பிறகு யார் தட்டினாலும் இறங்கி வர அவளால் முடியாது. இது குடும்பத்தில் எல்லோருக்கும் தெரியும். ஆட்டோவிலிருந்து இறங்கிய பிறகுதான் சிவகாமியம்மாளுக்கு அது ஞாபகம் வந்தது.

கதவு திறந்து கிடந்தது.

மேலே போனபோது பகவதி தட்டு எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள்.

"மாத்திரை டப்பா பையில கெலுகெலுன்னு கேட்டுது," என்றாள் திரும்பாமலே. "ராத்திரிக்கு வேணும்லா, வருவேன்னு தெரியும். அதான் கீழ சாத்தல."

"டிக்கெட் போடல மைனி. ஓணம் கழிஞ்சுன்னு சொல்லுகான்."

பகவதி திரும்பினாள். அரிசி டிரம்முக்குப் பக்கத்தில் இருந்த பையைப் பார்த்தாள்.

"அப்போ பை இங்கதான்."

"ஆமா."

"ஆளு?"

பகவதி பதிலுக்குக் காத்திருக்கவில்லை. இன்னொரு தட்டை எடுத்துக் கழுவினாள். கஞ்சியும் முருங்கைக்கீரைத் தோரனும் இருந்தன. இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். கீரையில் உப்புக் கொஞ்சம் தூக்கல். சிவகாமியம்மாள் அதைச் சொன்னாள். பகவதி, "இந்தா தேங்காயப் போட்டுத் தின்னு," என்றாள்.

பாதிச் சாப்பாட்டில் போன் அடித்தது. ஹரிகுமார். ஒரு நாளில் மூன்றாவது தடவை கூப்பிடுகிற பிள்ளை அவன் இல்லை. சிவகாமியம்மாள் எச்சில் கையை மடித்துக்கொண்டு போனையே பார்த்தாள்.

"எடு," என்றாள் பகவதி.

எடுத்தாள். திரையில் ஆபீஸ் இல்லை. அதே சமையலறை, அதே ஒற்றை நாற்காலி. அவன் கண் சிவந்திருந்தது.

"அம்மா," என்றான். நிறுத்தினான். "உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். காலைலயே சொல்லியிருக்கணும். பக்கத்துல யாராவது இருக்காங்களாம்மா? நீங்க தனியா இருந்தா வேண்டாம், பொறவு சொல்லுகேன்."

சிவகாமியம்மாள் போனைத் தண்ணீர்ச் செம்பில் சாய்த்து, இரண்டு பேர் முகமும் அவனுக்குத் தெரியும்படி வைத்தாள். பகவதி நகர்ந்து வந்து அவள் தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்தாள்.

"இருக்காங்க மக்கா," என்றாள். "நீ சொல்லு."